கூரைக்கு எந்த நுரை? சுவருக்கு எந்த நுரை?

தகட்டுக் கூரையின் அடியில் நுரை அடித்துச் சூட்டைக் குறைக்கும் முறை பற்றி எழுதும்படி வாசகர்கள் சிலர் கேட்டிருக்கிறார்கள். அவர்களில் அநேகர் ஸ்டோர் வைத்திருப்பவர்கள். ஓரிருவர் மீன் குளிரறை கட்ட யோசிப்பவர்கள். ஒரு பள்ளிவாசல் நிருவாக சபைச் செயலாளரும் கேட்டார். அவர்களுடைய மேல்மாடி தகட்டுக் கூரை. ஜும்ஆ நேரத்தில் அது அடுப்பாகி விடுகிறதாம். முப்பது வருடமாகக் கட்டடப் பொருள் வியாபாரம் செய்கிறேன். ஆனால் நுரை அடிக்கும் தொழில் எனக்கில்லை. ஆகவே அதை விற்பவரின் பக்கம் நின்று எழுத வேண்டிய அவசியமும் எனக்கில்லை.

மின்சாரக் கட்டணம் 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் கூட்டப்பட்டபோதுதான் நம்மவர் பலர் முதன்முறையாகத் தமது கூரையை அண்ணாந்து பார்த்தார்கள். பின்னர் கட்டணம் குறைக்கப்பட்டது உண்மைதான். எனினும் அந்தக் காலத்துப் பில்லைப் பார்த்தவருக்குப் பயம் முற்றாகப் போகவில்லை. இந்தப் பயத்தை நம்பியே சிலர் "கூரை, சுவர் எல்லாவற்றுக்கும் சேர்த்து அடித்து விடுவோம் முதலாளி, சதுர அடிக்கு ஒரே விலை" என்று பேசி வருகிறார்கள். ஒரே விலை என்பது கேட்க இலேசாக இருக்கும். ஆனால் கூரைக்குத் தேவையானதும் சுவருக்குத் தேவையானதும் ஒன்றல்ல. அதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதிப் பணம் மிஞ்சும்.

முதலில் பொருளைத் தெரிந்து கொள்வோம். இதன் பெயர் பொலியூரித்தேன். ஜேர்மனியில் ஒட்டோ பேயர் என்பவரும் அவரது குழுவினரும் 1937இல் கண்டுபிடித்தது. நமது குளிர்சாதனப் பெட்டியின் சுவருக்குள் இருப்பதும் இந்த வகைதான். அடிப்பவர்கள் இரண்டு பீப்பாய்களைக் கொண்டு வருவார்கள். ஒன்றில் ஐசோசயனேற்று, மற்றதில் பொலியோல் கலவை. இரண்டும் சூடாக்கப்பட்டுத் தனித்தனிக் குழாயில் வந்து, துப்பாக்கியின் வாயில் சரிபாதியாகக் கலந்து, பட்ட இடத்தில் சில வினாடிகளில் பொங்கி இறுகி ஒட்டிக் கொள்ளும்.

இதில் இரண்டு வகை உண்டு. மூடிய குமிழ் நுரை ஒன்று. இதைத்தான் குளோஸ்ட் செல் என்கிறார்கள். அதன் ஒவ்வொரு குமிழும் அடைபட்டது, உள்ளே விசேட வாயு இருக்கிறது, தட்டினால் பலகை போல இறுக்கம். ஒரு கன மீற்றர் ஏறத்தாழ 32 கிலோ நிறை இருக்கும். மற்றது திறந்த குமிழ் நுரை, அதாவது ஓப்பன் செல். பஞ்சு மாதிரி அமுங்கும், உள்ளே இருப்பது சாதாரணக் காற்று, ஒரு கன மீற்றர் 8 கிலோ அளவுதான். கெமிக்கல் குறைவாகச் செலவாவதால் விலையும் குறைவு. ஆனால் மூடிய குமிழ் ஓர் அங்குலத்தில் செய்யும் வேலையைச் செய்ய இதற்கு ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் வரை வேண்டும். அதைவிடப் பெரிய வித்தியாசம் நீராவி. திறந்த குமிழுக்குள் ஈரக்காற்று தாராளமாகப் போய்வரும். மூடிய குமிழ் அதை மிகப் பெரும்பாலும் தடுத்துவிடும். ஈரம் அதிகமுள்ள நமது நாட்டில் தெரிவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்த ஒரு விடயம்தான்.

இனி வெப்பம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். இலங்கை மத்திய கோட்டுக்கு வடக்கே 6 முதல் 10 பாகைக்குள் இருக்கிறது. ஏப்ரல் முற்பகுதியிலும் ஓகஸ்ட் கடைசி, செப்டெம்பர் ஆரம்பத்திலும் நண்பகலில் சூரியன் நேரே உச்சந்தலைக்கு மேல் நிற்கும். மற்ற மாதங்களிலும் அது அதிகம் சரிவதில்லை. ஆகவே பகலின் கொடிய வெயில் முழுவதையும் வாங்குவது கூரை. வடக்கு, தெற்குச் சுவர்களில் வெயில் சாய்ந்து உரசிக்கொண்டு போகும். பின்னேரம் சுடுவது மேற்குச் சுவர் மட்டும். ஐரோப்பாவில் எழுதப்பட்ட விளம்பரத் தாள்களில் சுவருக்கு இத்தனை வீதம், கூரைக்கு இத்தனை வீதம் என்று படம் போட்டிருப்பார்கள். அது வீட்டுக்குள் இருக்கும் சூடு வெளியே போகாமல் தடுக்கும் குளிர் நாட்டுக் கணக்கு. அந்தப் படத்தைக் காட்டி அக்கரைப்பற்றில் சுவருக்கு நுரை விற்பது நியாயமில்லை.

தடிப்பு எவ்வளவு வேண்டும் என்பதையும் பார்ப்போம். கட்டடப் பொறியியலாளர்கள் பயன்படுத்தும் சாதாரணச் சூத்திரத்தில் நானே போட்டுப் பார்த்தேன். வெறும் தகட்டின் ஊடாக 100 பங்கு வெப்பம் இறங்குகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். அடியில் ஓர் அங்குலம் மூடிய குமிழ் நுரை அடித்தால் 17 பங்குதான் இறங்கும். இரண்டு அங்குலமானால் 9. மூன்று அங்குலமானால் 6. அதாவது முதல் அங்குலம் 83 பங்கைத் தடுக்கிறது, இரண்டாவது 8 பங்கை, மூன்றாவது வெறும் 3 பங்கை. ஆனால் மூன்று அங்குலத்துக்கும் நீங்கள் கொடுக்கும் விலை ஏறக்குறைய ஒன்றுதான். ஏ.சி. இல்லாத ஸ்டோருக்கு ஒரு அங்குலம் போதும். பகல் முழுதும் ஏ.சி. ஓடும் கடைக்கு ஒன்றரை அல்லது இரண்டு. அதற்கு மேல் கூரையில் செலவழிப்பவர் மின்சாரப் பில்லில் அதைத் திரும்பக் காணப் போவதில்லை.

கூரை

சிங்க் அலுமினியச் சீட் போட்ட ஸ்டோரை முதலில் எடுத்துக் கொள்வோம். இதற்கு அடிப்பக்கத்தில் மூடிய குமிழ் நுரைதான் சரி. காரணம் சூடு மட்டுமல்ல. மேகமில்லாத பின்னிரவில் தகடு வெளிக்காற்றை விடக் குளிர்ந்து விடும். உள்ளே இருக்கும் ஈரக்காற்று அதில் பட்டு வியர்த்து, விடியும்போது சொட்டும். அரிசி, சீனி, துணி வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சொட்டு தெரியும். கூரை ஒழுகுகிறது என்று நினைத்து பாஸைக் கூப்பிட்டு ஏற்றிப் பார்ப்பார்கள். அவருக்கு ஓட்டை எதுவும் அகப்படாது. மூடிய குமிழ் நுரை ஒட்டியபின் ஈரக்காற்று தகட்டைத் தொடுவதில்லை, எனவே இந்தச் சொட்டு நிற்கும். மலிவென்று திறந்த குமிழை அடித்தால் ஈரம் அதனூடாகச் சென்று தகட்டிலேயே வியர்க்கும். நுரை நனைந்த பஞ்சாகிவிடும், தகடும் துருப்பிடிக்கும். மழைச் சத்தத்தைக் குறைப்பதில் திறந்த குமிழ் சிறந்தது என்பதை ஒப்புக் கொள்கிறேன். என்றாலும் தகட்டுக்கு அடியில் அதை அடிக்க யாருக்கும் நான் சொல்ல மாட்டேன்.

அடிப்பதற்கு முன் கூரையைத் திருத்தி முடித்திருக்க வேண்டும். நுரை ஒழுக்கை அடைக்கும் என்று சொல்லி விற்கிறார்கள். அது ஒழுக்கை மறைக்கும் என்பதே சரி. ஸ்க்ரூ வொஷர் வழியே இறங்கும் நீர் நுரைக்கும் தகட்டுக்கும் இடையில் ஓடி, பத்தடி தள்ளி எங்கோ வெளிவரும். ஓட்டையைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. கடற்கரை ஊர்களில் துரு இன்னொரு தொல்லை. துருவின் மேல் அடித்த நுரை துருவோடு சேர்ந்து பாளம் பாளமாக விழும். கம்பித் தூரிகையால் சுரண்டி, பிரைமர் பூசி, காய்ந்த பிறகே அடிக்க வேண்டும். புதுத் தகடானால் அதன் மேலுள்ள எண்ணெய்ப் படையைத் துடைக்க வேண்டும். மழை நாளில், தகடு ஈரமாக இருக்கையில் அடிக்க விடவே கூடாது.

கொங்கிறீற் சிலெப்புக்கு வேறு கதை. வளைகுடா நாடுகளில் வேலை செய்த நமது பிள்ளைகள் மொட்டை மாடி முழுவதும் நுரை அடித்து மேலே வெள்ளைப் பூச்சுப் பூசுவதைப் பார்த்திருப்பார்கள். சிலெப்புக்கு மேற்பக்கம் அடிப்பதுதான் முறை. சூடு கொங்கிறீற்றுக்குள் இறங்கிய பிறகு அடியில் நின்று தடுப்பதை விட, இறங்காமல் தடுப்பது நல்லது. ஆனால் மேலே அடிக்கும் நுரை மனிதர் நடந்தாலும் அமுங்காததாக இருக்க வேண்டும். கன மீற்றருக்கு 45 கிலோவுக்குக் குறையாத வகை அது. சுவருக்குக் கொண்டுவந்த 32 கிலோ நுரையை மாடியில் அடித்துவிட்டுப் போனால் தண்ணீர்த் தாங்கியைப் பார்க்கப் போகிறவரின் கால் தடமெல்லாம் குழியாகும், குழியில் நீர் நிற்கும். வெயில் பட்டால் நுரை மஞ்சளாகி, பின் தூளாக உதிரும். ஆகவே அக்ரிலிக் அல்லது சிலிக்கோன் பூச்சு கட்டாயம். அதையும் பத்துப் பதினைந்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். வளைகுடாவில் மழை அபூர்வம். இங்கே அப்படியல்ல, நீர் வழிந்தோடும் சரிவு முதலில் இருக்க வேண்டும். பறவைகள் நுரையைக் கொத்துவதும் பல நாடுகளில் அறியப்பட்ட பிரச்சினை. நமது காகங்களைப் பற்றி நான் எழுதித்தான் தெரிய வேண்டுமா?

ஓட்டுக் கூரைக்கு நுரை வேண்டாம் என்பது என் கருத்து. உடைந்த ஓட்டை மாற்ற முடியாது. கைமரமும் ரீப்பையும் நுரைக்குள் புதைந்து விட்டால் கறையான் ஏறியதும் தெரியாது, உக்கியதும் தெரியாது. இங்கிலாந்தில் கூரை மரங்களில் நுரை அடித்த வீடுகளுக்குக் கடன் கொடுக்க வங்கிகள் பல அண்மை வருடங்களில் பின்வாங்கி வருகின்றன. மரத்தின் நிலையைப் பார்க்க முடியவில்லை என்பதே அவற்றின் காரணம். ஓட்டுக்கு அடியில் அலுமினியத் தாள் ஒன்றை இடைவெளி விட்டு விரிப்பது மிக மலிவு, போதுமானதும் கூட. அஸ்பெஸ்டஸ் கூரைக்கும் வேண்டாம். ஒட்டுவதற்காக அதைச் சுரண்டுவதும் அமுக்க நீரால் கழுவுவதும் நாரைக் காற்றில் கிளப்பும். அது நுரையீரலுக்குக் கேடு. அஸ்பெஸ்டஸை மாற்றும் எண்ணம் இருந்தால் நுரைக்கு வைத்த பணத்தை அதில் போடுங்கள்.

சுவர்

செங்கல் சுவர் ஏற்கெனவே தகட்டைவிடப் பாதிக்கும் குறைவான வெப்பத்தையே கடத்துகிறது. ஏ.சி. இல்லாத கடை, வீடு, ஸ்டோர் எதற்கும் சுவரில் நுரை தேவையில்லை. மேற்குச் சுவர் சுட்டால் ஒரு சார்ப்பு இறக்குங்கள், வெள்ளைப் பெயின்ற் அடியுங்கள், முடிந்தால் ஒரு மரம் வையுங்கள். நிழலுக்குச் சமமான கெமிக்கல் இதுவரை வரவில்லை.

ஏ.சி. அறையின் சுவரில் கவனிக்க வேண்டியது ஈரம். நமது வெளிக்காற்றை 24, 25 பாகைக்குக் குளிரவைத்தாலே அநேக நாட்களில் அது வியர்க்கத் தொடங்கிவிடும். அறையை 20 பாகையில் வைத்தால், வெளியிலிருந்து சுவருக்குள் புகும் ஈரம் உட்பக்கத்தில் எங்கே தடைப்படுகிறதோ அங்கே நீராகும். பிளாஸ்டிக் சுவர்த்தாள் ஒட்டிய அறைகளில் பின்னால் கறுப்புப் பூஞ்சணம் பிடிப்பது இதனால்தான். குளிர் நாட்டு வழிகாட்டிகளில் ஈரத்தடுப்பை உட்பக்கம் வை என்று இருக்கும். நமக்கு அது நேர் எதிர். ஈரத்தடுப்பு வெளிப்பக்கம் இருக்க வேண்டும். ஆகவே சுவருக்கு நுரை அடிப்பதானால் மூடிய குமிழையே அடிக்க வேண்டும். திறந்த குமிழுக்கு இங்கே நான் காணும் ஒரே இடம், இரண்டு ஏ.சி. அறைகளுக்கு நடுவே சத்தம் போகாமல் இருக்கப் போடும் பலகைத் தடுப்பின் உள்ளே மட்டும்தான்.

குளிரறைதான் சுவருக்கு நுரை உண்மையாகத் தேவைப்படும் இடம். மீனுக்கு உள்ளே கழிய 18 பாகை, வெளியே சக 32 பாகை. வித்தியாசம் 50 பாகை, இரவும் பகலும். இங்கே முன்னர் சொன்ன ஓர் அங்குலக் கணக்கு செல்லாது. நாலு முதல் ஆறு அங்குலம் வேண்டும், சுவர், மேல், தரை என்று ஆறு பக்கமும். ஒரே தடவையில் நாலு அங்குலம் அடிக்க விடாதீர்கள். நுரை இறுகும்போது தானே சூடாகும். தடிப்பாக அடித்தால் அந்தச் சூடு வெளியேற வழியின்றி நடுவே கருகும், தீப்பிடித்த சம்பவங்களும் உண்டு. இரண்டு அங்குலத்துக்கு மேற்படாமல் அடித்து, ஆறவிட்டு, அடுத்த படை. சூடான பக்கமான வெளிப்பக்கத்தில் ஈரத்தடுப்பு இல்லையென்றால் வருடக் கணக்கில் ஈரம் உள்ளே போய்ப் பனிக்கட்டியாகும். சுவர் பாரமாகும், மோட்டர் ஓயாமல் ஓடும். புதிதாகக் கட்டுவோருக்கு நான் சொல்வது, தொழிற்சாலையில் செய்த இரும்புத் தோல் போர்த்த நுரைப் பலகைகளை வாங்கிப் பூட்டுவதே நல்லது. இருக்கும் கட்டடத்தை, கோணல் மாணலான மூலைகளை மாற்றும்போதுதான் அடிநுரைக்கு வேலை.

இனித் தீ. இதை விற்பவர்கள் யாரும் தாமாகச் சொல்வதில்லை. பொலியூரித்தேன் எரியும். தீயணைக்கும் மருந்து கலந்ததும் எரியும், மெதுவாகப் பற்றும், அவ்வளவுதான். எரியும்போது கறும்புகையும் காபன் மொனொக்சைட்டும் ஐதரசன் சயனைட்டும் வரும். தென் கொரியாவின் இச்சோன் நகரில் 2008 ஜனவரியில் குளிர்க் களஞ்சியம் ஒன்றில் யூரித்தேன் நுரை வேலை நடந்த கட்டடம் தீப்பிடித்து 40 பேர் இறந்தார்கள். பன்னிரண்டு வருடங்களின் பின், 2020 ஏப்ரலில், அதே நகரில் கட்டிக் கொண்டிருந்த இன்னொரு களஞ்சியத்தில் வெல்டிங் பொறி யூரித்தேன் நுரையில் பட்டு 38 பேர் இறந்தார்கள். இரண்டிலும் மாண்டவர்களில் பெரும்பாலோர் அங்கே வேலை செய்து கொண்டிருந்த தொழிலாளர்கள்.

ஆகவே நுரை அடித்த இடத்தில் வெல்டிங் இல்லை. வேண்டிய வெல்டிங்கை எல்லாம் முன்னரே முடித்து விட வேண்டும். சுவரில் நுரையைத் திறந்தபடி விடவே கூடாது. கூரையை விடச் சுவரில் இது ஆபத்து, ஏனென்றால் சாமான் மூட்டைகள் அதில் உரசிக் கொண்டிருக்கும், தீ சுவர் வழியே மேலே ஓடும். அரை அங்குல ஜிப்சம் போர்ட், அல்லது கம்பி வலை அடித்துச் சீமெந்துப் பூச்சு போட வேண்டும். இந்தச் செலவு சதுர அடி விலைக்குள் இருக்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலும் இருக்காது. கூரைக்கும் தீத்தடுப்புப் பூச்சு இருக்கிறது. மக்கள் கூடும் மண்டபமானால், பள்ளிவாசலானாலும் பாடசாலையானாலும், அது இல்லாமல் வேலையை ஒப்புக்கொள்ள வேண்டாம்.

விலை பேசும்போது

சதுர அடிக்கு இவ்வளவு என்ற விலை, தடிப்பும் அடர்த்தியும் எழுதாவிட்டால் விலையே அல்ல. "ஒரு மீற்றர் துணி இவ்வளவு" என்று அகலம் சொல்லாமல் விற்பது போன்றது அது. இரண்டையும் கடதாசியில் எழுதி வாங்குங்கள். அளந்து பார்ப்பதும் கடினமல்ல. ஒரு மெல்லிய கம்பியில் அங்குலம் குறித்து, பூச்சுப் பூச முன் பத்து இடத்தில் குத்திப் பாருங்கள். தகட்டின் நெளிவின் மேட்டிலும் பள்ளத்திலும் குத்த வேண்டும். சிலர் பள்ளத்தில் நிரப்பி மேட்டில் தேய்த்து விட்டுப் போகிறார்கள்.

அடர்த்திக்கு நகைக்கடைத் தராசு போதும். இரண்டு அங்குலம் அடித்த இடத்தில் 10 சென்ரிமீற்றர் நீளம், 10 அகலம், 5 தடிப்பில் ஒரு துண்டை வெட்டி, மேல் தோலைச் சீவிச் சதுரமாக்கி நிறுங்கள். கன மீற்றருக்கு 32 கிலோ என்றால் அது 16 கிராம் இருக்க வேண்டும். 10 கிராம்தான் இருந்தால் உங்களுக்குத் தந்தது 20 கிலோ நுரை. மாடிக்கு அடித்ததானால் 22 கிராமுக்குக் குறையக் கூடாது. வெட்டிய குழியை அவர்களே நிரப்பித் தருவார்கள், மறுத்தால் அப்போதே விடயம் விளங்கிவிடும்.

பீப்பாயையும் எண்ணலாம். 2,000 சதுர அடி என்பது 186 சதுர மீற்றர். அதில் இரண்டு அங்குலம் அடித்தால் ஏறத்தாழ 9.4 கன மீற்றர் நுரை. 32 கிலோப் படி 300 கிலோ கெமிக்கல் அங்கே ஒட்டியிருக்க வேண்டும். நெளிவும் வீணாவதும் சேர்த்தால் இன்னும் கூடும். ஒப்பந்தக்காரர் முழுப் பீப்பாய் எத்தனையுடன் வந்தார், எத்தனையை வெறுமையாக ஏற்றிப் போனார் என்று ஸ்டோர்ப் பையனை எழுதச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு துணிக்கடைக்காரர் இப்படி எழுதி வைத்துத்தான், இரண்டு அங்குலம் என்று காசு வாங்கியவர்கள் ஒன்றே கால் அங்குலத்துக்குரிய கெமிக்கலோடு வந்ததைக் கண்டுபிடித்தார். மிச்சத்தைத் திரும்ப வந்து அடித்துக் கொடுத்தார்கள்.

அடிக்கும் நாளில் கடைச் சாமான் எல்லாம் வெளியே இருக்க வேண்டும். தேயிலை, கருவாப்பட்டை, மாவு வகைகள் வாசனையை இழுத்துக் கொள்ளும். ஐசோசயனேற்றுப் புகை ஆஸ்துமாவைக் கொண்டுவரும் ஒன்று. வெளிக்காற்றுக் குழாயுள்ள முகமூடி இல்லாமல் துப்பாக்கி பிடிக்கும் பையன்களை வேலை செய்ய விடுவது பாவம். வேலை முடிந்து 24 மணித்தியாலம் வரை வேறு யாரும் உள்ளே போகாமல், காற்றோட்டத்துக்கு எல்லாம் திறந்து விட வேண்டும். பக்கத்துக் கடைக்கும் முதல் நாளே சொல்லி வையுங்கள்.

நுரைக்காரருக்கு முன்பணம் கொடுக்க முன் எலெக்ரீசியனைக் கூப்பிடுங்கள். வெறும் வயர் நுரைக்குள் புதைந்தால் அதன் சூடு வெளியேறாது, பழைய வயரானால் தோல் உருகும். சீட்டுக்கு அடியில் ஓடும் வயர்களையெல்லாம் நுரைக்கு வெளியே குழாயில் இழுத்து, சுவிட்ச் பெட்டிகளின் இடத்தைக் குறித்து மறைத்துக் கட்டிய பிறகே பீப்பாய்கள் லொறியில் இருந்து இறங்க வேண்டும்.